நல்லாவே அறுத்திருக்கீங்க

காவேரிக்கு முற்றுப்புள்ளி வைக்க மனசே வராது. கைக்குழந்தையைக் கீழே இறக்கிவிட மனசில்லாதவள் மாதிரி, ஒரு வாக்கியத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றி வருவாள். பள்ளிக்கூடத்தில் தமிழம்மா, "நீ எழுதனத படிச்சா எனக்கு மூச்சு வாங்குதுடி" என்றபோது அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வது அவளுக்குப் பிறவிக்குணம். அந்தக் குணம்தான் பின்னால் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்பக்கத்துத் தெருவில் வீடு. கணவர் உதயகுமார் பட்டு நெசவாளி. குழித்தறியில் அவர் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். பக்கத்தில் காவேரி உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிவாள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேர்ப்புக்குக் கோர்வை என்று பேர்.

இருபத்தொரு வருஷமாக இப்படித் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தும் இருவருக்கும் பேச்சு குறைவுதான். தறி ஓடும்போது என்ன கத்தினாலும் காதில் விழாது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால்தான் அவர் தறியை நிறுத்துவார். குனிந்து முடிச்சுப் போட ஒரு நிமிஷம் ஆகும். கேஸ் சிலிண்டர், மகள் ஜீவிதாவின் காலேஜ், கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா எல்லாமே அந்த ஒரு நிமிஷத்துக்குள் பேசித் தீர்க்கப்பட்டுவிடும். அவர் பங்குக்கு "சரி" அல்லது "பாக்கலாம்" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயராது.

போன மாசி மாதத்தில் ஒருநாள் காவேரி செல்போனில் 'நாலுவரி' என்ற இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசல் பட்டுப் புடவையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று யாரோ பட்டணத்துப் புண்ணியவான் அதில் எழுதியிருந்தார். பத்துக்கு ஆறு தப்பு. காவேரிக்குப் பொறுக்கவில்லை. கீழே கருத்துப் பெட்டியில் கட்டைவிரல் வலிக்க வலிக்க ஒரு பதில் எழுதினாள். கட்டுரையைவிட அந்தப் பதில் நீளமாக இருந்தது.

இரண்டாம் நாள் அந்தத் தளத்தின் ஆசிரியர் தனசேகரன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், பேச்சில் வேகம் அதிகம்.

"அக்கா, 'என் வேலை'ன்னு ஒரு தொடர் போடறோம். அவங்கவங்க வேலையப் பத்தி அவங்கவங்களே எழுதறது. நீங்க எழுதுங்க. முதல்ல மூணு வாரம் பார்ப்போம். ஜனங்க கடைசி வரைக்கும் படிச்சா தொடரலாம். இல்லன்னா ஆரணியில ஒரு நெசவாளர் தயாரா இருக்காரு, அவருக்குக் குடுத்துடுவேன். ஒண்ணே ஒண்ணு, எல்லாம் சின்னச் சின்னப் பத்தியா இருக்கணும். போன்ல பார்த்தா ஒரு பத்தி நாலு வரிக்கு மேல போகக் கூடாது."

பட்டில் காஞ்சிபுரத்துக்குப் போட்டியான ஆரணி என்ற சொல் காதில் விழுந்ததுமே காவேரி சம்மதித்துவிட்டாள். நாலு வரி என்று அவர் சொன்னது அவ்வளவாக விழவில்லை.

அவளுக்கு இதில் ஓர் ஆசை இருந்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். பழைய காலண்டரின் பின்பக்கம், ஜீவிதாவின் மிச்ச நோட்டுகள் என்று கிடைத்ததில் எல்லாம் எழுத்துத்தான். ஆனால் அவள் எழுதியதைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர் என்று உலகத்தில் ஒருவர்கூடக் கிடையாது. உதயகுமாரிடம் கொடுத்தால் முதல் வரியைப் பார்ப்பார், தாளைத் திருப்பி எத்தனை பக்கம் என்று பார்ப்பார், "நல்லா இருக்குதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த "நல்லா இருக்குது" காவேரிக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கடைசி வரைக்கும் வர வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

முதல் கட்டுரையை நாலு நாள் எழுதினாள். பாவுக்குக் கஞ்சி போடும் விடியற்காலையில் தொடங்கிய முதல் வாக்கியம், கோயில் மணி, எதிர்வீட்டுக் கோலம், மாமியாரின் மூட்டுவலி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, புடவை கல்யாண மேடை ஏறும்போதுதான் ஓய்ந்தது. மொத்தக் கட்டுரைக்கும் ஐந்து முற்றுப்புள்ளிகள், ஒரே பத்தி.

முடித்த சந்தோஷத்தில் தனசேகரனுக்குச் செய்தி அனுப்பினாள்: "அறுத்துட்டேன் சார்."

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு புடவை நெய்து முடிந்ததும் தறியிலிருந்து அதை அறுத்து எடுப்பார்கள். ஆகவே அறுத்தாச்சு என்றால் முடிந்தது, நல்லபடியாகக் கரை சேர்ந்தது என்று அர்த்தம். "இந்த மாசம் எத்தினி அறுத்தே?" என்று கேட்பது இந்தத் தெருவில் சௌக்கியமா என்று கேட்பதற்குச் சமம். தனசேகரனுக்கு அது எப்படித் தெரியும்? அவர் படித்தார், அல்லது படிக்க முயற்சி செய்தார். ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது.

"நீங்களே சொல்லிட்டீங்க அக்கா. நல்லாவே அறுத்திருக்கீங்க!" பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் இரண்டு பொம்மை முகங்கள்.

காவேரிக்குத் தரையில் கால் பாவவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு தறிக்கு ஓடினாள். உதயகுமார் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். செய்தி ஒரே வரி, அதனால் முழுசாகவே படித்தார்.

"நல்லாவே அறுத்திருக்கீங்க. பாத்தியா! மெட்ராஸ்காரரு, நம்ம பாஷையிலயே சொல்லிகிறாரு பாரு" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் கால் கிலோ ஜாங்கிரியோடு வந்தார். வழியில் சிட்டிபாபுவின் டீக்கடையிலும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் தண்ணீர் லாரிக்கு நின்ற பெண்கள், "இன்னா காவேரி, நல்லா அறுத்துட்டியாமே" என்று விசாரித்தார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள்.

சனிக்கிழமை ஜீவிதா வந்தாள். செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். ஜாங்கிரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு செய்தியைப் பார்த்தவளுக்குப் புரையேறிவிட்டது.

"அம்மா, இது பாராட்டு இல்லமா. அறுவைன்னு சொல்றாரு. செம போர் அடிச்சுதாம்."

"போடி. அவரு நம்ம தொழில் வார்த்தையில சொல்றாரு."

"அவருக்கு இன்னாமா தெரியும் நம்ம தொழிலு? நீயா போய் 'அறுத்துட்டேன்'னு சொன்னதும், நீ உன்னையே கலாய்ச்சிக்கினேன்னு நெனச்சிட்டாரு. அந்த எமோஜிய பாரு."

காவேரி அந்த முகங்களைப் பார்த்தாள். அறுவை என்ற சொல் அவளுக்குத் தெரியாததல்ல. பக்கத்துத் தெரு வாத்தியார் பேசினால் அவளே அப்படித்தான் சொல்வாள். தன் எழுத்தைப் பற்றி ஒருத்தர் சொல்லும்போது அது நினைவுக்கே வரவில்லை. முகம் காதுவரை சுட்டது. ஜீவிதா சிரிப்பை விழுங்கிக்கொண்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கிட்ட சொல்லாதே" என்றாள் காவேரி. "தெரு பூரா சொல்லி வச்சிக்கிறாரு. பாவம்."

கட்டுரை வெளிவந்து ஒரு வாரத்தில் கணக்கும் வந்தது. திறந்து பார்த்தவர்கள் எண்ணூற்றுச் சொச்சம் பேர். கடைசி வரி வரை போன பார்வைகள் ஒன்பது. அந்த ஒன்பதில் நான்கு காவேரியே தன் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தது. மூன்று ஜீவிதா, தோழிகளின் போனை வாங்கிக் கடகடவென்று கீழே தள்ளியது. மீதி இரண்டு பேர் யாரென்று தெரியவில்லை. தூங்கும்போது விரல் பட்டிருக்கலாம்.

அடுத்த கட்டுரைக்குக் காவேரி கத்திரிக்கோலை எடுத்தாள். எழுதுவதை எப்போதும்போல எழுதினாள். போனில் நாலு வரி வந்ததும் எங்கே நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் தட்டித் தட்டி உடைத்தாள். ஒரு பத்தி "இருந்ததால்" என்று தொடங்கியது. இன்னொன்று "மாமியார்" என்று முடிந்து, அவர் என்ன செய்தார் என்பது அடுத்த பத்திக்குப் போனது. தனசேகரன் இந்த முறை போனிலேயே பேசிவிட்டார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. சின்னதாத்தான் இருக்கு. ஆனா கோர்வையே இல்ல."

இருபத்தொரு வருஷமாகக் கோர்வைக்கென்றே உட்கார்ந்திருப்பவளிடம் சொன்னார். காவேரிக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. ஆனால் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"ஒரு பத்தி தானா நிக்கணும்க்கா. ஆனா அது முடிஞ்சதும், அப்புறம் என்னன்னு படிக்கிறவன் கேக்கணும். மூணாவது வெள்ளிக்கிழமை வரணும். அதான் கடைசி. ஆரணிக்காரரு வேற தினம் போன் பண்றாரு."

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டுரை வரவில்லை. காவேரி மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்திருந்தாள். எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சிரிக்கும் முகங்கள் இரண்டும் வந்து உட்கார்ந்துகொண்டன. கடைசியில் அதையே எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுதலாம்தான். எழுதினால் உதயகுமாருக்குத் தெரிந்துவிடும். அவர் படிக்கமாட்டார், சரி. ஆனால் சிட்டிபாபு கடையில் யாராவது படித்துச் சொன்னால் மனுஷர் எந்த முகத்தோடு அங்கே டீ குடிப்பார்? வேறு யார் வாயிலாகவோ தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடு காலையில் தறிக்குழியில் இறங்கினாள்.

முந்தின நாள் கோடை மழை ஒன்று கொட்டியிருந்தது. வெயிலில் பட்டிழை முறுகிப் பொட்டுப் பொட்டென்று அறுந்துபோகும். காற்றில் ஈரம் இருந்தால் வம்பு பண்ணாது. ஆகவே அன்று தறி நிற்காமல் ஓடியது. காவேரி நாடாவை எறிந்துகொண்டே காத்திருந்தாள். பத்து மணி வாக்கில்தான் ஓர் இழை அறுந்தது. உதயகுமார் நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

"ஏங்க, இன்னிக்கு நான் எழுத வேண்டிய கத ஒண்ணு. கேளுங்க" என்றாள். முடிச்சு விழுவதற்குள் சொல்ல வேண்டும் என்பதால் கோயில் மணியும் கோலமும் இன்றைக்கு வரவில்லை. "ஒரு பொம்பள கட்டுர எழுதி மெட்ராஸுக்கு அனுப்பினா. அறுத்துட்டேன்னு சொன்னா. அவரு, நல்லாவே அறுத்திருக்கீங்கன்னாரு. அவ வீட்டுக்காரரு ஜாங்கிரி வாங்கினு வந்தாரு."

உதயகுமார் குனிந்தபடியே சிரித்தார். "நம்ம கததான்."

"ஆமா. ஆனா அந்த வார்த்தைக்கு வேற ஒரு அர்த்தம் இருந்துச்சு. அது அந்தப் பொம்பளைக்குச் சனிக்கிழமதான் தெரிஞ்சுது."

முடிச்சு விழுந்துவிட்டது. தறி கிளம்பியது. காவேரிக்கு அப்பாடா என்றிருந்தது. இனி இந்த ஈரக்காற்றில் மதியம்வரை இழை அறுந்த மாதிரிதான். சொல்லும் தைரியத்தை மதியத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்து இழைகூட ஓடியிருக்காது. தறி நின்றது.

"இழ அறுந்துச்சு" என்று உதயகுமார் குனிந்துகொண்டார். "இன்னா அர்த்தம்?"

"அறுவைன்னு அர்த்தம். படிக்கவே முடியலன்னு அர்த்தம். பொண்ணு வந்து சொன்னா."

அவர் நிமிரவில்லை. கைகள் பாவுக்குள் எதையோ துழாவின. பிறகு தறி ஓடியது, முன்னைவிட மெதுவாக. காவேரி அவர் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்து தன் கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி நின்றது.

"இழ" என்றார். "ஏன், வீட்டுக்காரன் கிட்ட அவ சொல்லல?"

"அவரு தெரு பூரா பெருமையா சொல்லிக்கினு இருந்தாரு. அவரு மொகம் சின்னதாப் போறத அவளால பாக்க முடியாது. அதான்."

தறி ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது. குடத்தோடு நின்ற பெண்கள், எண்ணூறு பேரில் ஒன்பது பேர், கோர்வை இல்லை என்ற அந்தப் பேச்சு என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏழாவது முறை நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. மழை பெய்து ஈரம் சொட்டும் நாளில் இத்தனை இழையா? எட்டிப் பார்த்தாள். பாவு முழுசாக, ஒரு பிசிறுகூட இல்லாமல், விறைப்பாக இருந்தது.

"எங்க அறுந்துச்சு? காட்டுங்க."

"இங்கதான்... எங்கியோ..." உதயகுமார் இரண்டு இழைகளை விரலால் விலக்கிப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார். பிறகு திருட்டு முழி முழித்தார்.

"பொய்யி."

"சரி, பொய்யிதான். அத்த உடு. அப்புறம் இன்னா ஆச்சு?"

இருபத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து "அப்புறம்" என்ற சொல் அவளுக்காக வந்தது அன்றுதான். காவேரிக்கு அடக்கமுடியாத சந்தோஷம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அதை மறைக்க நாடாவை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ வீட்டுக்காரரு கிட்ட சொல்லிட்டா. அவரு இன்னா சொன்னாருன்னுதான் இன்னும் தெரியல."

உதயகுமார் மறுபடி பாவின் மேல் குனிந்துகொண்டார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. காவேரி பதறிப்போய்ப் பார்த்தால் மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார், தறியே ஆடும்படி.

"சிட்டிபாபு கடையில எட்டு பேருக்கு டீ சொன்னேம்மா நானு! என் பொண்டாட்டி நல்லா அறுக்கறாள்னு சொல்லி!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்த அப்டியே எழுது. ஜாங்கிரிய உட்டுடாதே. டீயையும் சேத்துக்கோ."

காவேரி தறிக்குழியை விட்டு ஏறவில்லை. போனை எடுத்துக் கால்களைக் குழியில் தொங்கவிட்டபடியே எழுதினாள். அவர் எங்கெங்கே தறியைக் கிளப்பினாரோ அங்கங்கே ஒரு பத்தி முடிந்தது. எங்கெங்கே மறுபடி நிறுத்திக் கேட்டாரோ அங்கே அடுத்தது தொடங்கியது. எட்டுப் பத்தி வந்தது. ஒன்றுகூட நாலு வரியைத் தாண்டவில்லை. முற்றுப்புள்ளிகளை அவள் எண்ணவில்லை, தாராளமாகவே விழுந்திருந்தன.

அனுப்பும் முன் கூட ஒரு வரி எழுத வேண்டும். "முடிச்சிட்டேன் சார்" என்று தட்டினாள். பார்த்தாள். அழித்தாள். அவள் வீட்டில் முடிந்ததற்கு ஒரு சொல் இருக்கும்போது எதற்கு இன்னொன்று? "அறுத்துட்டேன் சார்" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அதற்குப்பிறகு இருவரும் நெய்யவில்லை. போனைத் தறிக்கட்டை மேல் வைத்து, அது பொங்கப்போகும் பால் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து வெளிச்சம் வந்தது. உதயகுமார்தான் எடுத்தார். வாய்விட்டுப் படித்தார்.

"அக்கா, கடைசி வரைக்கும் படிச்சேன். ரெண்டு தடவை. முதல்ல மன்னிச்சிடுங்க. ஆரணிக்காரர் கிட்ட அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். நல்லாவே அறுத்திருக்கீங்க."

அவர் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கும் முகம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை சூடுபட்டவர் ஆயிற்றே, சட்டையை எடுக்குமுன் கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இது எந்த அறுப்பு?"

"நம்ம அறுப்புங்க" என்றாள் காவேரி. "போய் வாங்கினு வாங்க."